இடது உள்ளங்கை

ஜவ்வரிசி வேகும்போது நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி நிற்கும், அந்தப் புள்ளி கரைகிறவரை அடுப்பை அணைக்கக் கூடாது என்பதை கோகிலவாணி இந்த வருஷத்தில்தான் கற்றுக்கொண்டாள். அதற்கு முன்னால் அவளுக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம், பாயசம் என்றால் யாருக்கோ பிறந்தநாள், அவ்வளவுதான். இப்போது பெரிசு வேண்டாம், பொடிசாக இருக்கிற நைலான் ஜவ்வரிசிதான் வேண்டும் என்று கடையில் நின்று கேட்டு வாங்குகிற ஆளாகிவிட்டாள். பாயசத்துக்குங்களா என்பார் கடைக்காரர். இல்லைங்க, பாப்பா விளையாடறதுக்கு என்றால் ஒரு பார்வை பார்ப்பார். பார்க்கட்டும். தின்கிற பொருளைக் கொட்டி விளையாடுகிற குடும்பம் என்று சரவணம்பட்டி முழுக்கப் பேசிக்கொள்ளட்டும். வெந்ததை அலசி, பீட்ரூட் சாறு ஊற்றிக் கலந்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டியாயிற்று. தம்பி கல்யாணத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனரை ஹாலில் கவிழ்த்து விரித்தாயிற்று, தம்பியும் அவன் பெண்டாட்டியும் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றரை வயது தன்விகாவின் சட்டையைக் கழற்றி, டயப்பரோடு நடுவில் உட்கார வைத்தாயிற்று. அவள் வேலை பார்க்கிற பம்ப்செட் கம்பெனியில் இன்றைக்கு மாதாந்திர மின்தடை, மிஷின் ஒன்றுகூட ஓடாது, பர்ச்சேஸ் செக்‌ஷன் மொத்தத்துக்கும் லீவு. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த புருஷன் நவநீதன் உள்ளறையில் தூங்குகிறான். தினமும் காலையில் இதோடு மல்லுக்கட்டுகிறவன், இன்றைக்காவது தூங்கட்டும் என்று அவள்தான் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உள்ளூர அவளுக்கு ஒரு பேராசையும் இருந்தது. இத்தனை நாளும் போனில் போட்டோவாக மட்டுமே பார்த்ததை இன்றைக்கு நேரில் பார்க்கப் போகிறாள், மகளின் கை கூழுக்குள் போகப் போகிறது, தன் கண் முன்னால் போகப் போகிறது.

வாய்க்குள் போனாலும் ஒன்றும் ஆகாத சாமானாகப் பார்த்துக் கொடுங்க என்று தெரபி பார்க்கிற பெண் சொல்லியிருந்தாள். வயதில் சின்னவள்தான், ஆனாலும் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பொட்டுக்கடலை மாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசறினால் மணல். தயிரில் மஞ்சள் தூள் கலந்தால் பெயின்ட். கடற்பாசியைக் காய்ச்சித் தட்டில் மெல்லிசாக உறைய வைக்க வேண்டும், கட்டி கட்டியாக வெட்டினால் தொண்டையை அடைக்கும். முதலில் கை பழகட்டும், அப்புறம் வாய் தானாகப் பழகும், அதுவரைக்கும் யாரும் போன் காட்டி ஊட்டாதீங்க, கையைத் துடைச்சு துடைச்சு விடாதீங்க, ச்சீ சொல்லாதீங்க. மாதம் முடியாமல் பிறந்த குழந்தை, மூக்கில் குழாய் வைத்துப் பால் இறக்கிய குழந்தை, அந்தப் பஞ்சு விரல்கள் குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையில் துணி சுற்றி வைத்திருந்தார்கள். குழாயை எடுத்துவிட்டார்கள், துணியை எடுத்துவிட்டார்கள், ஆனால் குழந்தை எதையும் தொடமாட்டேன் என்றது. பருப்புச் சாதம் விரலில் பட்டால் கையைத் தூக்கிக்கொண்டு அலறும். வாயில் வைத்தால் ஓங்கரிக்கும். அப்போது கூட இருந்த அத்தை, அதாவது நவநீதனின் அம்மா, போனில் பொம்மைப் படம் ஓட விட்டு, வாய் திறந்த நேரம் பார்த்துத் திணித்து, ஒரு வாய்க்கு ஒரு தடவை கையைத் துடைத்துவிடுவார். "கொழந்தை கையி பிசுபிசுன்னு கெடக்குது, தொடைச்சு உடாம வேடிக்கை பாத்துட்டு இருக்கற" என்று இவளுக்கு ஏச்சு. சண்டை என்றால் சாதாரணச் சண்டையா. அத்தை பையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊர் கோபிக்குப் பஸ் ஏறிவிட்டார். இனி யார் பார்ப்பது, நான் வேலையை விட்டுவிடட்டுமா என்று இவள் அழுதபோது, இதே ஹாலில் நின்றுகொண்டு நவநீதன் சொன்னான், "நான் நைட் ஷிப்ட் மாத்திக்கறேன். காத்தால நேரம் முழுசும் நான் பாத்துக்கறேன், விடு." கட்டின புதிதில்கூட அவன் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. அதிலிருந்து விடிவதற்கு முன்னால் எழுந்து ஏதாவது ஒன்றைக் காய்ச்சிக் கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுத்தான் கம்பெனிக்குக் கிளம்புவாள், டீ நேரத்தில் போன் செய்து ஆச்சா என்பாள், அவன் ஆச்சு என்பான், உடனே போட்டோ வரும். பக்கத்து சீட் கிரிஜாவிடம் காட்டுவாள். டாக்டரிடம் காட்டுவாள். நல்லா வருது என்பார்கள். வருகிறதுதானே.

தன்விகா தாம்பாளத்தைப் பார்த்தாள். அழவில்லை, பின்வாங்கவில்லை, கோகிலாவுக்கு நெஞ்சு விம்மியது. பிறகு குழந்தை இடது கையை நீட்டியது. தாம்பாளத்துக்குள் நீட்டவில்லை, அதற்கு மேலே நீட்டி, உள்ளங்கையை விரித்து, ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் நீட்டுவது மாதிரி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு காத்திருந்தது. என்னடா தங்கம், உள்ள வை, அம்மா பாரு என்று கோகிலா தன் கையை ஜவ்வரிசிக்குள் விட்டுக் காட்டினாள். வழவழவென்று விரலுக்கு நடுவில் நழுவுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது, இவளுக்கே இப்போது பிடித்துப்போய்விட்டது. குழந்தை அசையவில்லை. ஏதோ நடக்க வேண்டியது நடக்கவில்லை என்கிற மாதிரி அம்மாவைப் பார்த்தது, தன் வலது கை ஆள்காட்டி விரலால் தன் இடது உள்ளங்கையின் நடுவில் தானே ஒரு அழுத்து அழுத்திக்கொண்டது, கையை அப்படியே ஆடாமல் பிடித்தது, நாக்கை மேலண்ணத்தில் தட்டி டிக் என்று ஒரு சத்தம் செய்தது. "ஆச்சு" என்றது. எழுந்து, ஆடி ஆடி நடந்து போய், சோபாக் கையில் கிடந்த துண்டை இழுத்து வந்து உள்ளங்கையைத் துடைத்தது. "ச்சீ" என்றது. பிறகு டீப்பாயில் இருந்த அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனை மடியில் நிறுத்தி, வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டது. கோகிலா முதலில் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள், உள்ளே தூங்குகிறவன் எழுந்துவிடுவானே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு அழகாக எல்லாம் வரிசையாகச் செய்கிறது என்று தோன்றியது. மறுபடியும் தூக்கி வந்து தாம்பாளத்துக்கு முன் உட்கார வைத்தாள். மறுபடியும் இடது கை, திருப்பிய முகம், அழுத்து, டிக், ஆச்சு, துண்டு, ச்சீ, போன், திறந்த வாய். ஒன்றுகூட இடம் மாறவில்லை. மூன்றாவது முறை உட்கார வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

அப்படி இருக்காது. குழந்தைகள் ஆயிரம் செய்யும், யாராவது செல்பி எடுத்ததைப் பார்த்திருக்கும். ச்சீ கீழ்வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்திருப்பாள், மத்தியானத்துக்கு மேல் அவளிடம்தானே விடுகிறோம். ஆனால் உள்ளங்கையில் ஒரு அழுத்து, உடனே கேமரா டிக், இந்த வரிசையை யார் சொல்லிக் கொடுத்தது. குழந்தையின் மடியிலிருந்து போனை வாங்கினாள், பழைய படங்களைத் தள்ளினாள். தயிர் நாள், உள்ளங்கையில் மஞ்சள் வட்டம். ராகி நாள், பழுப்பு வட்டம். பீட்ரூட், சிவப்பு வட்டம். எல்லாம் இடது கை. எல்லாம் நடுவில். விரல் நுனியில் ஒரு துணுக்கு இல்லை, நகத்தில் இல்லை, முழங்கையில் வழிந்த கோடு இல்லை, முகம் எதிலும் இல்லவே இல்லை. ஸ்பூனின் முதுகால் தொட்டு வைத்தால் இந்த அளவுக்கு வட்டம் வரும். பொட்டு வைத்திருக்கிறான். தன் பெண்ணுக்குத் தினம் ஒரு கலரில் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறான், இவளும் அதைப் பார்த்து ஹார்ட் போட்டிருக்கிறாள். அப்படியானால் மிச்சமெல்லாம் எங்கே போயிற்று, தினமும் ஒரு கிண்ணம் நிறைய, காலிக் கிண்ணம் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்திருக்குமே, மனுசன் பாத்திரமும் கழுவி வைக்கிறான் என்று கிரிஜாவிடம் பெருமை அடித்தாளே. சிங்க் அடைத்துக்கொண்டபோது வந்த பிளம்பர் குழாயிலிருந்து கொழகொழவென்று வெள்ளையாக எடுத்துப் போட்டு, ஏம்மா இத்தனை கஞ்சியக் கொட்டறீங்க என்று கேட்டதும், நவநீதன் பக்கத்திலேயே நின்றதும், இவள் கவனமில்லாமல் கொட்டிவிட்டேன் போலிருக்குங்க என்று மன்னிப்புக் கேட்டதும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஞாயித்துக்கிழமை இதெல்லாம் வேண்டாம், பாப்பாவுக்கும் ஒரு நாள் லீவு வேணுமில்ல என்றானே, எவ்வளவு பாசம் என்று நினைத்தாள். சாயங்காலம் இவள் ஊட்டும்போது குழந்தை ஓங்கரித்தால், "காத்தால எங்கிட்ட நல்லாத் தொடறாளே, உங்கிட்டத்தான் செல்லங் காட்டறா" என்பான். அதைக் கேட்டுக் கேட்டு இவள் தன் கையைத் தானே சந்தேகப்பட்டாள். தன் கையில் ஏதோ வாடை அடிக்கிறது என்று சோப்பை மாற்றினாள். சோப்பை மாற்றினாளே, முட்டாள், வடிகட்டின முட்டாள். ஊரில் அத்தனை பேரும் சேர்ந்து ஏமாற்றியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள், இவன் ஒருவன் பக்கம்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றிருந்தாள்.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது, அவள் புத்தி அதன் அருகே போவதும் திரும்புவதுமாக இருந்தது, பீட்ரூட் கறை நகத்தில் எவ்வளவு நேரம் நிற்கும், ஃபிளெக்ஸைக் கழுவி மாடியில் காயப் போட வேண்டும் என்று வேறு எதையோ பிடித்துக்கொண்டது, கடைசியில் போய் அங்கேயே நின்றது. திங்கட்கிழமை. போன வாரம் டாக்டர் அந்தப் படங்களை எல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், கை இவ்வளவு நல்லாப் பழகியிருச்சுங்க, அப்புறமும் வாய்க்கு எடுக்கலைன்னா சிக்கல் கையில இல்ல, உள்ள தொண்டையில ஏதாவது இருக்கலாம், பெரிய டாக்டர்கிட்ட எழுதித் தர்றேன், திங்கக்கிழமை மயக்கம் கொடுத்து உள்ள குழாய் விட்டுப் பாத்துருவோம். மயக்கம். மறுபடியும் குழாய். இவள் அங்கேயே அழுதாள். நவநீதன் முதுகைத் தடவிக் கொடுத்தான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், டாக்டர், அவ கை பழகவே இல்லைங்க என்று. வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியில் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஷிப்ட் இல்லாத ராத்திரி, அப்போதாவது சொல்லியிருக்கலாம், இவள் தூங்காமல் புரண்டது அவனுக்குத் தெரியும். பொய்யைக் காப்பாற்ற ஒரு குழந்தையை மயக்கப்படுத்த விடுவானா ஒருத்தன். விட்டான். திங்கட்கிழமைக்கு லீவும் போட்டிருக்கிறான், கூடவே வர்றேன் பயப்படாதே என்று. தூக்கம்தான் காரணம், ஷிப்ட் முடித்து வந்து கண் எரியும், போனைக் கையில் கொடுத்துவிட்டுச் சாய்ந்திருப்பான் என்று ஒரு ஓரத்தில் அவனுக்காக வக்கீலாகவும் பேசிப் பார்த்தாள். தூங்கினால் தூங்கினேன் என்று சொல்லக் கூடாதா, அவள் என்ன கடித்தா தின்றுவிடுவாள். தன்விகா சுவரோரம் இன்னும் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். உள்ளறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

நவநீதன் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். தாம்பாளத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். "அட, ஆரம்பிச்சாச்சா. எப்படி வெளையாடறா பாத்தியா" என்றான். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை, எத்தனை நாள் பழக்கம். கோகிலா திட்டப் போகிறோம் என்றுதான் நினைத்தாள். அதற்குப் பதிலாக, தன் கையை மறுபடி ஜவ்வரிசிக்குள் விட்டபடி, "உக்காருங்க" என்றாள். "இதுல கையை விடுங்க. அப்பா விட்டாத்தான் அவளும் விடுவா." "இரு, மூஞ்சி கழுவீட்டு வர்றேன்." "மூஞ்சி வேண்டாம். கைதான் வேணும்." அவன் உட்கார்ந்தான். ஒரு விரலை நீட்டினான், எடுத்துக்கொண்டான், சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் மறுபடி நீட்டினான். விரல் நுனி ஜவ்வரிசியில் பட்டதும் அவன் முன்கையில் மயிர் மொத்தமும் குத்திட்டு நின்றதை அவள் பார்த்தாள். அவன் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான். ஓங்கரித்தான், கையை வெடுக்கென்று இழுத்து அந்தரத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டான். நவநீதம் என்று வெண்ணெயையே பேராக வைத்துக்கொண்டிருக்கிற மனிதன். "என்னால முடியல கோகி" என்றான். "இந்தக் கொழகொழப்பு எனக்கு ஆகாது. சின்னதுல இருந்தே. அவகிட்டக் கிண்ணத்தை வெச்சா எனக்கே கொமட்டுது, அவ அலற அலற நான் எப்படி…" அவன் ஸ்பூனில்தான் சாப்பிடுவான். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கேசரியை ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்ட நாசூக்கைப் பார்த்து இவள் வீட்டில் எல்லோரும் சொக்கிப்போனார்கள், இவளும்தான். "அத்தைக்குத் தெரியுமா?" "அம்மாதான் அஞ்சு வயசு வரைக்கும் ஊட்டுனாங்க. ஒரு வாய்க்கு ஒருக்காத் தொடைச்சு விட்டுட்டு."

முதல் நாள் டாக்டர் கேட்ட கேள்வி அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. உங்க ரெண்டு பேர் குடும்பத்துல யாருக்காச்சும் சின்ன வயசுல இப்படி இருந்துச்சுங்களா என்று கேட்டாள். இவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நவநீதன் இல்லைங்க என்றான். அதற்கப்புறம் இவள்தான் பேசினாள். வயிற்றில் இருக்கும்போது கம்பெனி ஸ்டோர்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன், கணபதி ரோட்டில் குண்டும் குழியுமாக வண்டி ஓட்டினேன், அதனால்தான் முன்னாடியே பிறந்துவிட்டாள், அதனால்தான் குழாய், எல்லாம் என்னால்தான் என்று முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தன்னைத் தானே கூண்டில் ஏற்றிக்கொண்டாள். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கிண்ணத்தைச் சிங்கில் கொட்டியதை மன்னிக்கலாம், பொட்டு வைத்ததைக்கூட ஒரு நாள் சொல்லிச் சிரிக்கலாம், இதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக அவள் தூக்கிச் சுமந்தது அவனுடைய மூட்டை. சுமக்கிறாள் என்று தெரிந்தே கூட நடந்து வந்திருக்கிறான். தன்விகா எழுந்து வந்தாள். அம்மாவைத் தாண்டிப் போனாள். துண்டால் அப்பாவின் விரலைப் பிடித்து, நகம், நுனி, இடுக்கு என்று பொறுமையாகத் துடைத்துவிட்டாள். அவனும் காட்டிக்கொண்டிருந்தான். ஃபிளெக்ஸின் அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் ஒரு ஜாதியாக இருந்தார்கள், இந்தப் பக்கம் இவள் ஒருத்தி.

"டாக்டருக்குப் போன் போடுங்க" என்றாள். "இப்பவா? திங்கக்கிழமை நேர்லயே…" "திங்கக்கிழமை அவளுக்கு மயக்க மருந்து குடுப்பாங்க. இப்பப் போடுங்க. நீங்களே சொல்லுங்க." அவன் எண்ணைத் தேடினான், ஸ்பீக்கரில் போட்டான், அதைச் செய்கிற தைரியமாவது இருக்கிறதே என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. மணி அடித்தது. "சொல்லுங்க" என்றாள் டாக்டர். "டாக்டர், தன்விகா அப்பா பேசறேங்க." அவன் கோகிலாவைப் பார்த்தான். அவன் பாதியில் விடுகிற எந்த வாக்கியத்தையும் அவள்தான் எடுத்து முடித்து வைப்பாள், அத்தையிடம், வீட்டு ஓனரிடம், எல்லோரிடமும். அவள் முடிக்கவில்லை. சொல்லுங்க, சொல்லுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். "ஒண்ணுமில்லைங்க டாக்டர்" என்றான் நவநீதன். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரோணும்னு கேக்கலாம்னு…"

கோகிலா தாம்பாளத்திலிருந்து கையை எடுத்து, வழிகிற கையோடு அப்படியே போனைப் பற்றினாள். அவள் விரல் பட்டதும் அவன் விட்டுவிட்டான். "டாக்டர், நான் தன்விகா அம்மாங்க. அந்த டெஸ்ட் வேண்டாங்க. அவ கை பழகவே இல்லைங்க. நான் உங்களுக்குக் காட்டுன போட்டோ எல்லாமே பொய்யிங்க." அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர், கோபமே இல்லாத குரலில், "ஏங்க அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள். கோகிலா நவநீதனைப் பார்த்தாள். அவன் குனிந்து மகளிடம் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் அவள் கேட்க வேண்டிய கேள்வி அது, போனில் அவளிடம் கேட்கப்பட்டு, பதிலுக்குக் காத்திருந்தது.